ஹால்வர் ஏன் வானத்தைப் பார்த்து நின்றான்

ஹால்வர் ட்வெட் பொய்யே பேசாத ஆள் என்று எங்கள் ஜோர்டன் ஊருக்கு வடக்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தன் ஆட்டுக்கு என்ன குறை என்பதை வாங்க வந்தவனிடம் முதலில் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் விலை பேசுவான். அப்படிப்பட்டவன் வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நூறு மைலுக்கு மேல் வண்டியோட்டிப் போய், மைல்ஸ் சிட்டி டாக்டர் முன்னால் உட்கார்ந்து வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டு வருவான்.

இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஓடைக்கு இந்தப் பக்கம் என் இடம், அந்தப் பக்கம் அவன் இடம். ஒரே அறை இருந்த பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். நான் மாட்டுக்காரி, அவன் ஆட்டுக்காரன். அதனால் பார்த்த இடத்தில் சண்டை. "உன் ஆடு என் புல்லைத் தின்னுது" என்று நான் சொல்வேன். "உன் மாடு என் வேலியைத் தின்னுதே, அதுக்கு என்ன சொல்றே மெர்லா?" என்பான். அவன் மனைவி ஆர்டிஸ் இரண்டு பேருக்கும் காபி ஊற்றி வைத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவாள். இப்படியே எங்களுக்கு எழுபது வயது நெருங்கிவிட்டது.

எங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். "எப்படி இருக்கே?" என்று கேட்டால் இங்கே ஒரே பதில்தான்: "பரவாயில்ல." டிராக்டர் கவிழ்ந்து அடியில் மாட்டிக் கிடந்த ஒருவனும் அதைத்தான் சொன்னான், நானே கேட்டேன். வலி என்று சொல்வது, கைநீட்டிக் கடன் கேட்பதைப் போல அவமானம். ஹால்வர் இந்த விஷயத்தில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவான். ஒரு கிடா முட்டி விலா எலும்பு இரண்டு உடைந்தபோது, "கொஞ்சம் சட்டை இறுக்கமா இருக்கு" என்றான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு இதயம் பலவீனம் என்று கண்டுபிடித்தார்கள். நீர் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, உப்பைக் குறை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வா. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். "எப்படி இருக்காம் இதயம்?" என்று கேட்டால், "துடிக்குது" என்பான்.

அவன் பயந்தது இதயத்தைப் பார்த்து இல்லை. வாலஸ் குண்டர்சனைப் பார்த்து. வாலஸ் அவனுக்கு அடுத்த பண்ணைக்காரன். நடக்கும்போது மூச்சு வாங்குகிறது என்று வாலஸ் டாக்டரிடம் உண்மையைச் சொன்னான். பிள்ளைகள் வந்தார்கள், பேசினார்கள், வீட்டைப் பூட்டினார்கள். வாலஸை ஊருக்குள் முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டவன் ஹால்வர்தான், தன் வண்டியில். அடுத்த வாரமே ஆடுகள் ஏலத்துக்குப் போயின. வாலஸின் ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது கார் நிறுத்தும் இடம் ஒன்றுதான். அந்தக் குளிர்காலத்தை அவன் தாண்டவில்லை. அன்றைக்கே ஹால்வர் முடிவு கட்டிவிட்டான் போலிருக்கிறது: டாக்டரிடம் உண்மை சொன்னால் வீடு போய்விடும், ஆடு போய்விடும், ஆர்டிஸ் பில்லிங்ஸில் மகள் கெண்ட்ரா வீட்டு மாடியில் போய் உட்கார வேண்டியிருக்கும்.

அதனால்தான் அந்த வெள்ளைச் சட்டை. போன இலையுதிர் காலத்தில் எனக்கும் மைல்ஸ் சிட்டியில் வேலை இருந்ததால் அவர்களோடு போனேன். மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஹால்வர் இறங்கவில்லை. ரேடியோவில் கால்நடை விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இறங்கேன்யா, நேரமாச்சு" என்றேன்.

"விலை சொல்லி முடிக்கட்டும்."

எங்கள் ஊரில் கால்நடை விலையைப் பாதியில் அணைத்துவிட்டு இறங்குகிறவன் கிடையாது. சாவு வீட்டு வாசலில்கூடக் கேட்டு முடித்துவிட்டுத்தான் இறங்குவார்கள். ஆகவே நான் ஒன்றும் நினைக்கவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து மூச்சைச் சரிப்படுத்திக்கொண்டு, முகத்தில் நிறம் திரும்பிய பிறகுதான் உள்ளே போகிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இந்த ஏப்ரல் கடைசியில் அவனுக்கு மறுபடியும் டாக்டர் நாள் வந்தது. ஆடுகள் குட்டி போடும் காலத்தின் நட்டநடு. பழைய டாக்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதிதாக பெட்ராக் என்று ஓர் இளம் பெண் வந்திருந்தாள். முந்தின நாள் பூராவும் மழை. எங்கள் களிமண் நனைந்தால் என்ன ஆகும் என்பது இங்கே வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். சக்கரம் சேற்றுருண்டையாக வீங்கி, வண்டி நகராமல் நின்றுவிடும். காயும்வரை யாரும் எங்கும் போக மாட்டார்கள். மருத்துவமனைக்கு ஆர்டிஸ் போன் செய்து வர முடியாது என்றாள். "பரவாயில்லை, வீடியோ காலில் பார்த்துக்கொள்ளலாம், அதே நேரத்துக்கு" என்றார்கள் அவர்கள்.

ட்வெட் வீட்டில் இருந்தது சுவரில் தொங்கும் போன் மட்டும். ஆர்டிஸ் அதில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். நான் என் செல்போனை எடுத்துக்கொண்டு, சேற்றில் ஓடும் நாலு சக்கர பைக்கில் ஓடையைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது தலையிலிருந்து கால்வரை ஒரே சேறு. உள்ளே ஹால்வர் முகம் மழித்து, வெள்ளைச் சட்டையில், சாப்பாட்டு மேஜையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான்.

"யோவ், டாக்டர் போனுக்குள்ள வரப்போறா. அதுக்கு எதுக்குய்யா மாப்பிள்ளை வேஷம்?"

"மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல" என்றான்.

போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன். டாக்டர் பெட்ராக் வந்தாள். சின்ன முகம், பெரிய கண்ணாடி, அவசரமில்லாத குரல்.

"வணக்கம் மிஸ்டர் ட்வெட். மூச்சு விடறது எப்படி இருக்கு?"

"பரவாயில்ல."

"கால்ல வீக்கம்?"

"சொல்ற அளவுக்கு இல்ல."

"ராத்திரி தூக்கம்?"

"நல்லாத் தூங்கறேன்."

மூன்று பதில், மூன்றும் எவ்வளவு சுத்தமாக வந்து விழுந்தன தெரியுமா! இன்னும் நாலு கேள்வி கேட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று அவள் சொல்லியிருப்பாள். அதற்குள் படம் உறைந்து போனது. டாக்டர் வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டாள். சமையலறையில் சிக்னல் சரியில்லை. நான் போனைத் தூக்கிக்கொண்டு முன் அறைக்கு, தெற்கு ஜன்னலுக்குப் போனேன். ஹால்வர் பின்னாலேயே வந்தான்.

"இங்க வேணாம் மெர்லா. அந்த அறையை இன்னும் ஒழுங்குபடுத்தல."

"டாக்டர் என்ன வாடகைக்கா வர்றா? உட்காருய்யா."

அங்கே ஜன்னலோரம் சாய்வு நாற்காலி இருந்தது. அதன் மேல் மூன்று தலையணை, கசங்கிய போர்வை. பக்கத்தில் அலாரம் கடிகாரம், தண்ணீர்க் குவளை. படம் உயிர்பெற்றதும் டாக்டர் முதலில் பார்த்தது அதைத்தான்.

"அந்த நாற்காலில யார் தூங்கறாங்க?"

ஹால்வர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். "குட்டி போடற சமயம், டாக்டர். கதவுப் பக்கமா இருந்தாத்தான் வசதி."

சமையலறையிலிருந்து ஆர்டிஸ் குரல் வந்தது. அந்தக் குரலை இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை.

"குட்டி போடறது ஏப்ரல்ல. நீ கடைசியா மாடிக்கு வந்து படுத்தது போன நவம்பர்ல."

ஆர்டிஸ் துணியில் கையைத் துடைத்தபடி வாசற்படியில் வந்து நின்றாள். அவள் போனைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. "நான் ராத்திரி புரண்டு புரண்டு படுக்கறேன்னு கோபம்னு நினைச்சேன்" என்றாள். "இல்லேன்னா என்னோட படுக்கவே பிடிக்கலையோன்னு."

ஹால்வரின் காது சிவந்துபோனது. "அப்படியெல்லாம் இல்ல" என்று தரையிடம் சொன்னான்.

"அப்ப வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன? வாய்ல கொழுக்கட்டையா?" எனக்குப் பொறுக்கவில்லை, கத்திவிட்டேன்.

டாக்டர் என்னை அடக்கவில்லை, அவனையும் விரட்டவில்லை. சாதாரணமாகக் கேட்டாள்: "உங்க ஆடுங்களைக் காட்டறீங்களா? நான் வளர்ந்ததெல்லாம் அடுக்குமாடி வீட்டுல. ஆட்டுக்குட்டியைப் பக்கத்துல பார்த்ததே இல்ல."

ஆட்டைக் காட்டு என்றால் ஹால்வர் சாவுப் படுக்கையிலிருந்தும் எழுந்துவிடுவான். உடனே தொப்பியை எடுத்தான். நான் போனை அவன் பக்கம் திருப்பிப் பிடித்தபடி பக்கத்திலேயே நடந்தேன், ஆர்டிஸ் பின்னால் வந்தாள். வீட்டுக்கும் ஆட்டுக் கொட்டகைக்கும் நடுவில் இருப்பது வெறும் முற்றம்தான்.

முற்றத்துக் கதவில் அவன் நின்றான். கதவின் மேல் கையை ஊன்றி, மேற்கே மேகத்தைப் பார்த்தான். "சாயந்திரத்துக்குள்ள வெளுத்துடும்" என்றான். நானும் நின்று மேகத்தைப் பார்த்தேன். இங்கே யாராவது நின்று வானத்தைப் பார்த்தால் கூட இருப்பவரும் பார்ப்பதுதான் வழக்கம். பிறகு நடந்தோம். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றான். மிதவையை ஆட்டிப் பார்த்தான். கொட்டகை வாசலில் தூணில் சாய்ந்துகொண்டு, ஓர் ஆட்டைக் காட்டி, "அது... போன வருஷம்... ரெட்டைக் குட்டி போட்டது" என்றான். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தினான். ஆட்டைப் பற்றி யோசித்து யோசித்துப் பேசுகிறான் என்று நான் நினைத்தேன்.

"மெர்லா," என்றாள் டாக்டர், "அவர் எப்பவும் இப்படி நின்னு நின்னுதான் போவாரா?"

"வானத்தைப் பார்க்க எல்லாரும்தானே..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன். வானத்தைப் பார்க்கிறான், மிதவையைப் பார்க்கிறான், வேலியைப் பார்க்கிறான். குளிர்காலம் பூராவும் இதைத்தான் செய்துகொண்டிருந்தான், எங்கள் எல்லோர் கண் முன்னாலும். எங்களைப் போலவே அவனும் செய்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. பட்டணத்தில் வளர்ந்த இந்தப் பெண்ணுக்கு வானம் பார்க்கும் வழக்கம் இல்லை. அவள் மனிதனைப் பார்த்தாள்.

"உட்காருங்க மிஸ்டர் ட்வெட். பூட்ஸைக் கழட்டுங்க."

வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தான். குனிய முடியவில்லை. பூட்ஸின் நாடா கட்டப்படாமலே இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். நான் முழங்காலிட்டு இழுத்தேன். கன்றுக்குட்டியை இழுப்பதைவிடச் சிரமமாக இருந்தது. காலுறையைக் கழற்றினால் கால் மாவுருண்டையைப் போல உப்பியிருந்தது. டாக்டர் சொன்னபடி விரலால் அழுத்தினேன். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"போன வருஷம் நாங்க ஒரு பெட்டி அனுப்பினோம். எடை பார்க்கற மெஷின், விரல்ல மாட்டி ஆக்சிஜன் பார்க்கற கருவி. எங்க இருக்கு?"

ஆர்டிஸ் கொட்டகை மூலையைக் காட்டினாள். எடை மெஷின் அங்கேதான் இருந்தது, மேலே வைக்கோலும் புழுக்கையுமாக. அதில் புட்டிப்பால் குடிக்கும் குட்டிகளை நிறுத்து எடை பார்த்துக்கொண்டிருந்தான் மகாராஜன்.

"ரொம்ப நல்ல மெஷின், டாக்டர்" என்றான். "ஒரு அவுன்ஸ் தப்பு காட்டாது."

டாக்டர் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "அதுல இப்ப நீங்க ஏறுங்க."

ஏறினான். இலையுதிர் காலத்து எடையைவிட இருபது பவுண்டுக்கு மேல் கூடியிருந்தது. சாப்பாடு குறைந்து இளைத்துப்போன மனிதன், தண்ணீரில் கனத்திருந்தான். ஆர்டிஸ் வீட்டுக்குள் ஓடிப் பெட்டியிலிருந்து விரல் கருவியைக் கொண்டுவந்தாள். அது எண்ணைக் காட்டுவதற்குள் டாக்டர் சொன்னாள்: "தொண்ணூறுக்குக் கீழ இருந்தா இப்பவே ஹெலிகாப்டர் அனுப்பிடுவேன், பேச்சே கிடையாது. மேல இருந்தா பேசலாம்."

கொட்டகையில் குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. ஹால்வர் தன் விரலைப் பார்க்கவில்லை. ஆடுகளைப் பார்த்தான், ஒவ்வொன்றாக. அவன் எதற்கு அப்படிப் பார்க்கிறான் என்பது எனக்குத் தெரிந்தது. ஆர்டிஸுக்கும் தெரிந்தது. அவள் அவன் தோளில் கை வைத்தாள். வெளி ஆள் முன்னால் அவள் அவனைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

தொண்ணூற்று மூன்று.

"டாக்டர்," என்றான் ஹால்வர். குரல் உடைந்திருந்தது. "என்னை வாலஸ் மாதிரி ஊருக்குள்ள கொண்டுபோய் வெச்சிடுவீங்களா?"

வாலஸ் யார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான்தான் இரண்டு வரியில் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

"நான் வேணும்னு நினைக்கறது நீங்க இந்த ஆடுங்களோட அங்கேயே இருக்கணும்னுதான். உங்க நுரையீரல்ல தண்ணி ஏறியிருக்கு. படுத்தா மூச்சு முட்டும், அதனாலதான் நாற்காலில உட்கார்ந்து தூங்கறீங்க. இதை இறக்கலாம். ஆனா நீங்க பொய் சொன்னா என்னால முடியாது. நீங்க பொய் சொல்லச் சொல்ல, வாலஸ் போன இடத்துக்கு நீங்களே நடந்து போயிட்டிருக்கீங்க."

எழுபது வருஷத்தில் ஹால்வரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. நான் பேசியிருக்கிறேன், ஆனால் நான் மாட்டுக்காரி, என் பேச்சு அவன் காதில் ஏறாது.

"கதவு வரைக்கும்கூட நடக்க முடியல" என்றான். "மாடிப்படி ஏற முடியல. ராத்திரி முழிச்சுக்கிட்டா மூழ்கற மாதிரி இருக்கு. பயமா இருக்கு." அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்ல அவனுக்கு மூச்சு இல்லை, நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னான். ஆர்டிஸ் அழுதாள். நானும் அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது. போன் ஆடியதால் டாக்டருக்குக் கொஞ்ச நேரம் கொட்டகைக் கூரைதான் தெரிந்திருக்கும்.

வேலை அன்றைக்கே ஆரம்பித்தது. நீர் மாத்திரை இரண்டு மடங்கு. ரத்தம் எடுக்க மாவட்ட நர்ஸ் சரளைச் சாலை வரைக்கும் வந்தாள். அங்கிருந்து நான் அவளை என் பைக்கின் பின்னால் உட்காரவைத்து அழைத்து வந்தேன். வழி பூரா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள், பாவம். தினமும் காலையில் டாக்டரோடு வீடியோ கால். எடை, விரல் எண், ரத்த அழுத்தம், கால் வீக்கம். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் அவன் கொட்டகைக்குப் போவான். ஆனால் வைக்கோல் தூக்குவது நான். ஓர் ஆட்டுக்காரனுக்கு வைக்கோல் தூக்குகிறேன் என்று ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். இதற்காக மைல்ஸ் சிட்டிக்குத் தினமும் போய்வர வேண்டும் என்றால் அவன் முதல் நாளோடு நிறுத்தியிருப்பான். பாதி ஆட்டுக்குட்டிகளும் செத்திருக்கும்.

டாக்டர் ஒரு நாள் சமையலறையையும் காட்டச் சொன்னாள். ஆர்டிஸுக்கு முகம் தொங்கிவிட்டது. அலமாரியில் இருந்த சூப் டப்பாக்கள், ஊறுகாய் ஜாடிகள், உப்பு பிஸ்கட், குளிர்பெட்டியில் உப்பில் ஊறவைத்த ஒரு முழுப் பன்றித்தொடை, எல்லாவற்றையும் நான் போனில் காட்டக் காட்ட டாக்டர் "ஐயோ, ஐயோ" என்றாள்.

"உப்பு போடறதில்லைன்னு எழுதியிருக்கே இங்க" என்று பழைய டாக்டரின் குறிப்பைப் படித்தாள்.

"நான் எங்க போட்டேன்? உப்பு ஜாடியைத் தொட்டே வருஷமாச்சு" என்றாள் ஆர்டிஸ் கோபமாக. அது உண்மைதான். உப்பு ஜாடியைத் தொடவில்லை. டப்பாவில் இருந்ததை யாரும் உப்பு என்று நினைக்கவில்லை. அன்று சாயந்திரம் அந்தப் பன்றித்தொடை என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. என் இதயம் நன்றாகத்தான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

எடை இறங்கிக்கொண்டே வந்தது. கணுக்கால் எலும்பு மறுபடி தெரிய ஆரம்பித்தது. ஆனால் இரண்டாவது வாரம், ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள் காலையில், எடை மூன்று பவுண்டு ஏறியிருந்தது. மெஷினைவிட்டு இறங்கிய ஹால்வர் என் முகத்தையும் ஆர்டிஸ் முகத்தையும் பார்த்தான். முந்தின நாள் சர்ச்சில் யாருக்கோ கல்யாண நாள் விருந்து. அவன் தட்டு காலியானதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருந்தோம். டாக்டருக்கு எடையைச் சொல்கிறவன் அவன்தான். மெஷின் தரையில் இருந்தது, அவள் பார்க்க முடியாது. பழைய எடையையே சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்? நானும் ஆர்டிஸும் வாயைத் திறக்கவில்லை. இதை எங்களால் அவனுக்காகச் செய்ய முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

டாக்டர் திரையில் வந்தாள். "இன்னிக்கு எடை?"

ஹால்வர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

"மூணு பவுண்டு ஏறிடுச்சு" என்றான். "விருந்துல பன்னித்தொடை. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ராத்திரி மூச்சும் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு."

இப்போது அவள் கெண்ட்ராவுக்குப் போன் செய்வாள், வீட்டைப் பூட்டச் சொல்வாள் என்று எதிர்பார்த்ததைப் போல அவன் தோள் இறுகியிருந்தது.

"சரி, இன்னிக்கு ஒரு மாத்திரை கூடுதலா போட்டுக்கோங்க. நாளைக்குக் காலைல பார்ப்போம்" என்றாள் டாக்டர். "ஆமா, அந்தப் பன்னித்தொடை நல்லா இருந்துச்சா?"

"பிரமாதம்" என்றான் ஹால்வர்.

அவ்வளவுதான். உண்மையைச் சொன்னான், வீடு போகவில்லை, ஆடு போகவில்லை. ஒரு மாத்திரை அதிகம், அவ்வளவே. அவன் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். இத்தனை நாள் அந்தப் பயத்தைத் தூக்கிக்கொண்டு எப்படித்தான் நடந்தானோ.

எல்லாவற்றையும் போனில் முடித்துவிட்டோம் என்று நான் கதை விடப்போவதில்லை. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பது போன் வழியாக முடியாது. சேறு காய்ந்ததும் இதயத்தைப் படம் எடுக்க மைல்ஸ் சிட்டிக்குப் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. புது மாத்திரை ஒன்றும் எழுதிக் கொடுத்தார்கள். அவன் இதயம் இளமையாகிவிடவில்லை, ஆகவும் ஆகாது. மந்தையில் ஒரு பாதியை விற்றுவிட்டான். அதை அவனாகத்தான் முடிவு செய்தான். கெண்ட்ராவும் பில்லிங்ஸில் இருந்தபடியே அந்த வீடியோ காலில் சேர்ந்துகொள்வாள். அப்பா சொல்வதும் டாக்டர் சொல்வதும் நேராகக் காதில் விழுவதால், வீட்டைப் பூட்டும் பேச்சு அவளிடம் குறைந்துவிட்டது.

ஜூன் மாதத்தில் வீடியோ கால் வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்திருந்தது. போன வாரம் டாக்டர் மாடிப்படி ஏறச் சம்மதம் கொடுத்திருந்தாள், இரண்டு தலையணை வைத்துப் படுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தாள். இந்த வாரம் நான் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்தபோது ஹால்வர் வேலைச் சட்டையில், தாடியில் வைக்கோல் தூசியோடு உட்கார்ந்திருந்தான். எடை சொன்னான், அழுத்தம் சொன்னான்.

"எங்க தூங்கினீங்க?" என்றாள் டாக்டர்.

அவன் வாயைத் திறப்பதற்குள் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம். இத்தனை வாரத்தில் ஒரு தடவையும் போன் முன்னால் வந்து உட்காராத ஆர்டிஸ், கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். முடியைச் சரிசெய்துகொண்டாள். போனை நேராகப் பார்த்தாள்.

"மாடிலதான். ராத்திரி பூரா குறட்டை, டாக்டர். என்னைக் கண்ணை மூடவே விடல" என்றாள். "படுத்துக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தேன்."